உறையிலிருந்து பிரிக்காமல் தபால்தலையின் வாட்டர்மார்க் (தாளுக்குள்ளேயே பதிந்த நீர்க்குறி) பார்ப்பது எப்படி?

குழு நண்பர்களுக்கு வணக்கம். அயர்லாந்து தபால்தலை சேகரிப்பவர்கள் யாராவது உதவுங்களேன்.

டப்ளினில் ஒரு பழைய சாமான் கடையில் தபால் உறை ஒன்று வாங்கினேன். அதில் இருப்பது சாம்பல் பச்சையில், அயர்லாந்து வரைபடம் போட்ட இரண்டு பென்ஸ் தபால்தலை. சுதந்திர அயர்லாந்து 1922 டிசம்பர் 6 அன்று முதன்முதலாக வெளியிட்ட சொந்த வடிவமைப்பு. அதற்கு முன்பு பிரிட்டிஷ் மன்னர் முகத்தின் மேலேயே ஐரிஷ் எழுத்தை அச்சடித்து ஓட்டினார்கள். இதில் மன்னர் இல்லை, தீவு மட்டும்தான். வட அயர்லாந்தைப் பிரிக்கும் எல்லைக்கோடும் இல்லை! சின்னத் தலைக்குள் எவ்வளவு அரசியல் பாருங்கள்.

பிரச்சினை, இதே வடிவம் 1968 வரை புழக்கத்தில் இருந்தது. 1940க்கு முந்தைய தாளில் 'எஸ்இ' என்ற பின்னல் எழுத்து, பிறகு வெறும் 'இ' வாட்டர்மார்க். தலைமேல் குத்திய தபால் முத்திரையின் தேதியில் '19' மட்டும் தெரிகிறது, மீதியில் மை அப்பியிருக்கிறது. தண்ணீரில் ஊறவைத்துப் பிரிக்க மனமில்லை. போன வருடம் வேறொரு உறையை அப்படிச் செய்து, முகவரி மை முழுவதும் கரைந்து நீலக் குளமானது.

விளக்கொளியில் பிடித்தால் உறைத்தாளின் இழைதான் தெரிகிறது. தபால் முத்திரையின் வடிவத்தை வைத்தோ, தலையின் நிறத்தை வைத்தோ காலம் சொல்ல வழி உண்டா? தலையின் இடது ஓரத்தில் துளைப் பற்கள் வேறு இல்லை, நேராக இருக்கிறது. சுருள் தலையா (தாளாக இல்லாமல் சுருளாக விற்றதா), யாரோ கத்தரித்ததா? படம் கேட்டால் போடுகிறேன்.