உறுமாத நாய்

ஆரையம்பதியிலிருந்து:

அத்தான் வீட்டு நாய், சாப்பாட்டுத் தட்டின் அருகே எவர் சென்றாலும் குட்டியிலிருந்தே உறுமும். உறுமியபோதெல்லாம் அத்தான் ஈர்க்குமாற்றால் அடித்தார். ஓராண்டுக்குள் உறுமல் முற்றாக நின்றுபோனது; வீட்டுக்கு வருகின்றவர்களிடம் அதைப் பெருமையாகவும் சொல்லிவந்தார். சித்திரை வருடப்பிறப்புக்கு மறுநாள் அக்காவின் பேத்தி, உருண்டு போன பந்தை எடுக்கத் தட்டின் பக்கம் குனிந்தாள். நான் விறாந்தையில் இருந்து நேராகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மென்றுகொண்டிருந்த நாய் மெல்லுவதை நிறுத்தியது. தலை தட்டின் மேலேயே நின்றது. உடல் முழுவதும் விறைத்தது. கடைக்கண்ணில் வெண்மை தெரிந்தது. ஒரு சிறு ஒலியும் எழவில்லை. நான் எழும்புவதற்குள் பிள்ளையின் மணிக்கட்டு அதன் வாய்க்குள் இருந்தது.

“ஒரு சத்தமும் போடாமல் கடித்துவிட்டதே, நம்பவே கூடாத பிராணி” என்று அன்றிலிருந்து எல்லோரும் சொல்கிறார்கள். சத்தம் போட்டதற்காகத்தானே அது ஓராண்டு முழுவதும் அடி வாங்கியது? இதை அத்தானிடம் கேட்க எனக்கு இன்னும் வாய் வரவில்லை.

கல்லடியிலிருந்து:

மேலே எழுதியவரோடு என்னால் உடன்பட முடியாது. என் தகப்பனார் படுவான்கரையில் வேளாண்மை செய்த காலத்தில் வட்டைக் காவலுக்கு எப்போதும் நாய் வைத்திருந்தார். பிரம்புக்குப் பணியாத நாய் அவரிடம் இருந்ததில்லை. கதிர் முற்றியிருந்த ஓர் இரவில், பரணுக்குக் கீழே படுத்திருந்த நாய் குரைக்காமல் எழுந்துவந்து, வாலை வயிற்றோடு ஒடுக்கியபடி ஏணிக்காலோடு ஒட்டி நின்றது. டோர்ச் வெளிச்சத்தை வீசியபோது வரம்புக்கு அப்பால் யானை நின்றது. நாய் குரைத்துக்கொண்டு பாய்ந்திருந்தால் யானை அதைத் துரத்தியிருக்கும், அதுவும் யானையைக் கூட்டிக்கொண்டு எங்களிடமே திரும்பி ஓடி வந்திருக்கும். அந்த அடக்கம் பிரம்பு கற்பித்தது என்பதே என் நம்பிக்கை. சாப்பிடும் நாயின் அருகே பிள்ளையை விட்டவர்களைப் பற்றி ஒரு சொல்லும் எழுதாமல், அடித்தவரை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல.

கல்முனையிலிருந்து:

ஐயா, அந்த நாய் யானையைக் கண்டு ஒடுங்கியது. பிரம்பை நினைத்து அல்ல. வால் வயிற்றோடு ஒடுங்கியிருந்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பிள்ளையைப் பற்றி நீங்கள் சொன்னதை மட்டும் ஏற்றுக்கொள்கிறேன்.

அடக்கி வைக்காவிட்டால் நாய் தலைமேல் ஏறும் என்ற எண்ணம் பழையது. அதற்கு அறிவியல் உடை கிடைத்தது, ருடோல்ஃப் ஷெங்கல் என்பவர் அடைப்பில் வளர்ந்த ஓநாய்களைக் கவனித்து 1947இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகுதான். ஒன்றுக்கொன்று உறவில்லாத ஓநாய்களை ஒரே வேலிக்குள் விட்டால் அவை சண்டையிடாமல் வேறு என்ன செய்யும்? வலியது மற்றவற்றை அடக்கித் தலைமை ஏற்கும் என்ற அந்தக் கருத்தைத் தம் நூலின் மூலம் பரப்பியவர்களுள் ஒருவரான ஓநாய் ஆய்வாளர் டேவிட் மீச், காட்டிலுள்ள ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் தாயும் தகப்பனும் பிள்ளைகளும் சேர்ந்த ஒரு குடும்பமே என்று 1999இல் எழுதித் தாமே அதைத் திருத்தினார்.

எங்கள் வீட்டில் நடந்தது மிகச் சிறியது. கருவாட்டுத் தலையைக் கௌவிக்கொண்டு கட்டிலுக்குக் கீழே புகுந்த நாய், தம்பி கையை நீட்டியதும் பல்லைக் காட்டியது. அம்மா ஒன்றும் பேசாமல் அவித்த முட்டைத் துண்டொன்றைச் சற்றுத் தள்ளிப் போட்டார். நாய் கருவாட்டை விட்டுவிட்டு வெளியே வந்தது. அது வாயைத் திறந்து கருவாட்டை விட்ட அந்த நொடியை நான் மறக்கவில்லை.

அத்தான் வீட்டிலும் இதையே பொறுமையாகச் செய்யலாம். நாய் உண்ணும்போது, அது விறைக்காத அளவு தூரத்தில் பெரியவர் ஒருவர் நடந்து சென்று, தட்டில் இருப்பதைவிடச் சுவையான துண்டொன்றை அதன் பக்கம் எறிந்துவிட்டு, நிற்காமல் அப்பால் போய்விட வேண்டும். மனிதர் அருகே வந்தால் உணவு பறிபோகும் என்றிருந்த எதிர்பார்ப்பு, மனிதர் வந்தால் உணவு கூடும் என்று மெல்ல மாறிய பின்புதான் தூரத்தைக் குறைக்கலாம். நாய் நிமிர்ந்து, உடல் தளர்ந்து, வருகிறவரின் முகத்தைப் பார்க்கத் தொடங்கினால் மாற்றம் வருகிறது என்று கொள்ளலாம். அவசர அவசரமாக விழுங்கத் தொடங்கினால் நாம் மிகக் கிட்டப் போய்விட்டோம். தட்டைப் பறித்துப் பறித்துக் கொடுத்துப் பழக்குவதாகச் சிலர் செய்வது நேர் எதிரான பாடத்தையே புகட்டும். ஒருமுறை கடித்துவிட்ட நாயாகையால், முதலில் மிருக வைத்தியரிடம் காட்டிப் பல்வலியோ வேறு நோவோ இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். சிறுவர்களை இந்தப் பயிற்சியில் சேர்க்கவே கூடாது. நாய் உண்ணும் இடத்துக்கும் அவர்களுக்கும் இடையில் மூடிய கதவு இருக்க வேண்டும்.

ஏறாவூரிலிருந்து:

நான் நாய் வளர்ப்பவன் அல்லன். எங்கள் வீடுகளில் அந்த வழக்கமும் இல்லை. பாண் விற்கும் முச்சக்கர வண்டி ஓட்டுகிறேன், ஆகவே இந்தப் பக்கத்து நாய்களை வளர்க்கின்றவர்களைவிட எனக்குத்தான் அவற்றை நன்றாகத் தெரியும். வண்டியின் இசை ஒழுங்கையில் கேட்டதும் சில நாய்கள் வானத்தைப் பார்த்து ஊளையிடும். அவற்றால் தொல்லை இல்லை. சந்தியில் ஒரு வீட்டு நாய் மட்டும் படலைக்கு வெளியே பாய்ந்து, முன் சக்கரத்தைக் கடிக்க வருவதுபோல ஒழுங்கையின் முடிவு வரை துரத்தும். “எங்கட நாய் ஒன்றும் செய்யாது” என்று வீட்டுக்காரர் உள்ளே இருந்தபடியே சொல்லுவார்.

ஒரு நாள் துரத்தலின் நடுவில் என் வண்டி தானாக நின்றுவிட்டது. இறங்கவும் முடியாமல் கால்களை மேலே தூக்கிவைத்துக்கொண்டு இருந்தேன். நாயும் நின்றது. சக்கரத்தைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, காதுகளைத் தாழ்த்தியது, பின்பு டயரை ஒருமுறை முகர்ந்துவிட்டு வந்த வழியே திரும்பிப் போனது. என்னிடம் என்ன வேண்டுமென்று அது இத்தனை காலம் துரத்தியது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

களுவாஞ்சிகுடியிலிருந்து:

ஏறாவூர்ச் சகோதரருக்கு: வண்டி போய்விட வேண்டும் என்பதே அதன் விருப்பம். ஒவ்வொரு நாளும் குரைக்கிறது, ஒவ்வொரு நாளும் வண்டி போய்விடுகிறது. தானே விரட்டியதாக அது எண்ணும்போது, நாம் தனியாக ஊதியம் கொடுக்கத் தேவையில்லை. எங்கள் வீட்டு நாயும் தபால்காரரை இப்படித்தான் விரட்டிவந்தது. அவர் வரும் நேரத்துக்குச் சற்று முன்பே அதைப் பின்வளவுக்குக் கொண்டுபோய், சைக்கிள் மணி கேட்டவுடன் ஒரு துண்டு இறைச்சியைக் கொடுத்துக்கொண்டே வந்தோம். இப்போது மணி கேட்டால் படலையை விட்டுவிட்டுக் குசினிக்கு ஓடுகிறது. ஆனால் படலை திறந்து கிடக்கும் வீட்டில் எந்தப் பயிற்சியும் பலிக்காது. அந்த வீட்டுக்காரர் முதலில் படலையைச் சாத்தட்டும்.

இன்னொன்றையும் எவரும் கேட்காமலே சொல்கிறேன், ஏனெனில் பிள்ளையைக் கடித்த செய்தியை மூவர் வாசித்துப் பதில் எழுதியும் ஒருவரும் காயத்தைப் பற்றிக் கேட்கவில்லை. பல் பட்ட இடத்தை ஓடும் நீரிலும் சவர்க்காரத்திலும் 15 நிமிடங்கள் கழுவிவிட்டு உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். மஞ்சளோ கோப்பித் தூளோ வைத்துக் கட்டக் கூடாது. வீட்டு நாய்தானே, ஆண்டுதோறும் ஊசி போட்டதுதானே என்று நாமே முடிவெடுத்துக்கொண்டு வீட்டில் இருப்பதும் கூடாது. தடுப்பூசி வேண்டுமா என்பதை வைத்தியர் தீர்மானிக்கட்டும். விசர்நாய்க்கடி நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது அரிதிலும் அரிது.

செங்கலடியிலிருந்து:

எங்கள் வீட்டுக் கதை கடியைப் பற்றியது அல்ல. குட்டி நாய்க்குப் பல் முளைக்கும் பருவம்; செருப்பு, துடைப்பம், கதவுநிலை என்று அது கடிக்காத பொருள் இல்லை. அந்த நாட்களில் மகனின் கணக்குக் கொப்பி விறாந்தையில் கிழிந்து கிடந்தது. மாமா அதைத் தூக்கிக் காட்டிச் சத்தம் போட்டதும் நாய் காதுகளை மடித்து, பார்வையைத் திருப்பி, நிலத்தோடு ஒட்டிப் படுத்தது. “பாருங்கள், செய்த பிழை அதற்கே தெரிகிறது” என்று மாமா தீர்ப்பளித்து முடிப்பதற்குள், அயல் வீட்டு ஆடு மீதித் தாளை மென்றபடி கிணற்றடியிலிருந்து வெளியே வந்தது.

அலெக்சாண்ட்ரா ஹொரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் 2009இல் வெளியிட்ட பரிசோதனையில் இதே நிலைமையை வேண்டுமென்றே உருவாக்கியிருக்கிறார். தொடக்கூடாதென்று சொன்ன தின்பண்டத்தை நாய் தின்றுவிட்டதாகச் சில வளர்ப்பாளர்களிடம் பொய்யாகச் சொல்லப்பட்டது. நாம் குற்ற முகம் என்று சொல்லும் அந்தப் பாவனை, தின்றதா தின்னவில்லையா என்பதைப் பொறுத்து மாறவில்லை. வளர்ப்பாளர் ஏசினாரா என்பதைப் பொறுத்தே மாறியது. ஒன்றும் செய்யாமல் ஏச்சு வாங்கிய நாய்களிடம்தான் அது மிகுதியாகத் தெரிந்ததாம். இதை மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஆட்டைத் தடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்ததற்காகவே எங்கள் நாய் வெட்கப்பட்டது என்கிறார்.