தை முகூர்த்தத்துக்குப் பூ: எதைத் தேர்ந்தெடுப்பது, அலங்காரக்காரரிடம் எதைப் பேசி வைப்பது?

மாயவரம் அக்கா:

என் தங்கைக்கு வரும் தை மாதத்தில் கும்பகோணத்தில் திருமணம். முதல் நாள் மாலை வரவேற்பு, மறுநாள் காலை 6 முதல் 7.30 வரை முகூர்த்தம். இரண்டுக்கும் ஒரே மண்டபம், ஒரே மேடை. திருச்சியிலிருந்து வந்த அலங்காரக்காரர் கைப்பேசியில் காட்டிய படங்களில் பெரும்பாலானவை வெளிர்நீல ஹைட்ராஞ்சியாவும் வெள்ளை ஆர்க்கிட்டும் நிறைந்தவை. தங்கைக்கு அவை மிகவும் பிடித்துவிட்டன. அம்மாவோ, கதம்பமும் மல்லிகையும் மணக்காமல் தஞ்சைச் சீமையில் ஒரு கல்யாணமா என்று கேட்கிறார். இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. மொத்தத் தொகைக்கு ஒரே ஒரு எண்ணைத்தான் அவர் சொல்லியிருக்கிறார்; எந்தப் பூ, எவ்வளவு என்ற விவரம் இல்லை. முன்பணம் கொடுப்பதற்கு முன் நான் என்னென்ன கேட்க வேண்டும்?

திருவையாறு, பூக்கட்டும் வீடு:

உங்கள் தங்கை நல்லபடியாக வாழட்டும். மூன்று தலைமுறையாகப் பூக்கட்டும் குடும்பம் எங்களுடையது. படத்தைப் பார்த்துப் பூவைத் தேர்ந்தெடுக்காதீர்கள். மாதத்தையும் மணியையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள் என்பதுதான் நான் முதலில் சொல்ல விரும்புவது.

தையில் பனியினால் மல்லிகை விளைச்சல் குறைந்துவிடும், அதே மாதத்தில் முகூர்த்தங்களோ நெருங்கி வரும். மற்ற நாட்களில் சில நூறு ரூபாய்க்கு விற்கும் கிலோ மல்லிகை அப்போது ஆயிரங்களைத் தொடுவது ஆண்டுதோறும் நடப்பதுதான். ஆகவே மேடை முழுவதும் மல்லிகைச் சரம் தொங்கவிடும் எண்ணம் இருந்தால் அதை வைகாசியில் கல்யாணம் செய்பவர்களுக்கு விட்டுவிட்டு, மல்லிகையைத் தலைக்கும் மாலைக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மேடைக்குச் செவ்வந்தி இருக்கிறது. பகல் குறைந்த பருவத்தில் பூக்கும் செடி என்பதால் குளிர்காலத்தில் நன்றாகக் கிடைக்கும், இரண்டு நாளானாலும் முகம் வாடாது. வெள்ளைதான் வேண்டும் என்றால் சம்பங்கி, அல்லது காக்கட்டான். காக்கட்டானில் மல்லிகையின் மணம் இல்லை, ஆனால் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது, விலையும் குறைவு.

இனி மணிக் கணக்கு. மல்லிகையை விடியற்காலையில் மொட்டாகப் பறிப்போம். அது அன்று மாலையே விரிந்துவிடும். காலை 6 மணி முகூர்த்தத்துக்கு அன்றைய பூ சந்தைக்கே வந்திருக்காது. எனவே மணப்பெண் தலையில் இருக்கப்போவது முதல் நாள் பறித்த பூதான். கட்டிய சரத்தை ஈரத் துணியில் சுற்றித் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு வைத்தால் விரிவது தள்ளிப்போகும். ஐஸ் மட்டும் நேராகப் பூவில் படக் கூடாது. பட்ட இடம் கண்ணாடி போலாகிக் கருத்துவிடும். உங்கள் அலங்காரக்காரர் பூவை எங்கே வாங்கி, இரவில் எப்படி வைத்திருப்பார் என்று கேளுங்கள். இதற்குத் தயங்காமல் பதில் சொல்பவர் வேலை தெரிந்தவர்.

கதம்பத்தைப் பற்றி அம்மா சொல்வதை மட்டும் தட்டாதீர்கள். மல்லிகை, கனகாம்பரம், மரிக்கொழுந்து, செவ்வந்தி என்று நிறம் நிறமாக அடுக்கிக் கட்டும்போது மணத்துக்கு ஒன்றும் நிறத்துக்கு ஒன்றுமாகப் பூக்கள் ஒன்றுக்கொன்று துணையாக நிற்கின்றன. கனகாம்பரத்துக்கு மணமே கிடையாது, ஆனால் மல்லிகை பழுத்துப்போன பிறகும் அது நிறம் மாறாமல் இருக்கும். மரிக்கொழுந்து காய்ந்த பின்னும் மணக்கும். வாழைநாரில் கட்டித் தரச் சொல்லுங்கள். என் மாமியார் நாரை நனைத்து நகத்தால் கீறி, அந்தப் பக்கம் இரண்டு பூ, இந்தப் பக்கம் இரண்டு பூ வைத்து ஒரே சுண்டில் முடிச்சுப் போடுவார். காம்பு நசுங்காது, ஈரமும் நாரிலேயே தங்கியிருக்கும். நைலான் நூலை இழுத்துக் கட்டினால் காம்பு அறுந்து, தாலி கட்டும் முன்பே பூ உதிரத் தொடங்கிவிடும்.

திருவாரூர் அப்பா:

என் மகனின் திருமணத்தில் பட்டதைச் சொல்கிறேன். எங்களுக்கும் வரவேற்புக்கும் முகூர்த்தத்துக்கும் ஒரே மேடைதான். அலங்காரம் செய்தவர் முதல் நாள் பிற்பகல் 3 மணிக்கே எல்லாவற்றையும் கட்டி முடித்துவிட்டார். இரவு விளக்குகளின் சூட்டில் அத்தனையும் வதங்கி, காலையில் மணவறையின் நான்கு கால்களிலும் பழுப்பேறிய சரங்கள் தொங்கின. கேட்டதற்கு, காலையில் மாற்றித் தருவதாகத் தாம் சொல்லவே இல்லை என்றார். அது உண்மைதான், நாங்களும் கேட்டிருக்கவில்லை. அதைவிட மனத்தை உறுத்தியது வேறொன்று. ரோஜா கிடைக்கவில்லை என்று எங்களிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் பின்திரையில் பிளாஸ்டிக் ரோஜாவைச் செருகியிருந்தார். ஆசீர்வாதம் செய்ய மேடையேறிய என் அத்தை அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இன்றும் நினைவில் இருக்கிறது. எனவே, சொன்ன பூ கிடைக்காவிட்டால் எதைப் போடுவார், அதற்கு யாருடைய சம்மதத்தைக் கேட்பார் என்பதையும், விடியற்காலையில் மணவறைப் பூவைப் புதிதாக மாற்ற ஆள் வருவாரா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

தஞ்சாவூர், மேடை அலங்காரம்:

இந்தத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் சில வார்த்தைகள். ஹைட்ராஞ்சியா தண்ணீரில் நின்றால்தான் நிற்கும். ஏசி இல்லாத மண்டபத்தில் தண்ணீரில்லாமல் செருகினால் சில மணி நேரத்தில் தலை கவிழ்ந்துவிடும். உங்கள் தங்கையின் விருப்பத்தை நிறத்தில் நிறைவேற்றலாம். வரவேற்பு மேடையில் மணமக்களுக்குப் பின்னால், படத்தில் விழும் இடத்தில் மட்டும் அந்தப் பூக்களை வைத்து, மற்ற இடங்களுக்கு ஓசூர் ரோஜாவும் வெள்ளைச் செவ்வந்தியும் வெளிர்நீலத் துணியும் போதும். முகூர்த்த மணவறையை முழுவதும் அம்மாவிடம் விட்டுவிடுங்கள். வாழைமரம், தென்னங்குருத்துத் தோரணம், பாக்குக்குலை எல்லாம் நம் பக்கத்துத் தோப்புகளிலேயே இருக்கின்றன. அவற்றைக் கட்டத் தெரிந்த ஆட்களும் இருக்கிறார்கள். குருத்தில் கிளி மடிக்கும் பெரியவர்களைத் தேடிப் பிடிக்கத்தான் கொஞ்சம் அலைய வேண்டும்.

பூக்களைச் செருகப் பயன்படும் பச்சை ஃபோம் கட்டியை இயன்றவரை தவிர்க்கச் சொல்லுங்கள். அது மக்காது, பொடிப்பொடியாக உதிரும். கல்யாணக் குப்பையோடு அது வாய்க்காலில் கொட்டப்படுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்த வாய்க்கால்தான் வயலுக்கும் போகிறது. வாழைத்தண்டை வெட்டி வைத்து அதில் செருகினாலே ஒரு நாள் முழுவதும் ஈரம் இருக்கும்.

ஒற்றை எண்ணை மட்டும் ஏற்காதீர்கள். மேடை, நுழைவாயில், மாலைகள், தலைப்பூ, கார் என்று தனித்தனியாகத் தொகை கேளுங்கள். மாலைகளையும் தலைப்பூவையும் அலங்காரக்காரரிடமிருந்து பிரித்து, நேராகப் பூக்கட்டுபவரிடம் கொடுத்துவிடுவதே நல்லது என்பது என் கருத்து. தஞ்சாவூர் பூக்காரத் தெருவுக்கு ஒரு முறை அம்மாவுடன் வந்து பாருங்கள்.

மாயவரம் அக்கா:

அனைவருக்கும் நன்றி. இவற்றையெல்லாம் தங்கையிடம் வாசித்துக் காட்டினேன். மணவறை அம்மாவுக்கு, வரவேற்பு மேடை தனக்கு என்று உடனே ஒப்புக்கொண்டாள். அலங்காரக்காரரும் தனித்தனிப் பட்டியல் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஒரு சந்தேகம் மட்டும் மீதி இருக்கிறது: தங்கை மெலிந்த உடம்புக்காரி. மாலை மாற்றும்போது கனமான ரோஜா மாலை அவளுக்குத் தாங்குமா?

திருவையாறு, பூக்கட்டும் வீடு:

இதழை மட்டும் நெருக்கிக் கோத்த ரோஜா மாலை கனம்தான், தோளில் இழுக்கும். இடுப்புக்குச் சற்றுக் கீழே நிற்கும் அளவில் சம்பங்கி மாலை கட்டி, நடுநடுவே பன்னீர் ரோஜாவும் மரிக்கொழுந்தும் வைக்கச் சொல்லுங்கள். கழுத்தில் படும் இடத்தில் சரிகைக்குப் பதிலாகத் துணி சுற்றச் சொன்னால் உறுத்தாது. அளவெடுக்கத் தங்கையின் பழைய மாலை எதுவும் வேண்டாம். தோளிலிருந்து ஒரு கயிற்றைத் தொங்கவிட்டு அளந்து, அந்தக் கயிற்றையே கொடுத்தனுப்புங்கள்.