ஸ்லாட் டை: 8 மீட்டரில் சுத்தம், 20 மீட்டரில் கோடு கோடாக வருகிறது

பிலிம்லைன்:
ஸ்லாட் டையில் (மெல்லிய பிளவு வழியாகத் திரவத்தை ஓடும் பிலிமில் பூசும் கருவி) கோட்டிங் செய்கிறோம். 50 மைக்ரான் பாலியஸ்டர் பிலிம், கோட்டிங் அகலம் 300 மி.மீ. தண்ணீரில் கலந்த அக்ரிலிக் எமல்ஷன். விஸ்காசிட்டி (பாகுநிலை) 50 சென்டிபாய்ஸ், பரப்பு இழுவிசை 32 டைன்/செ.மீ. ஈரத் தடிமன் (காயுமுன் பூச்சின் தடிமன்) 40 மைக்ரான் வேண்டும். லிப்புக்கும் (டையின் வாய் விளிம்பு) பிலிமுக்கும் இடைவெளி 200 மைக்ரான், வேக்வம் பாக்ஸ் (பிலிம் உள்ளே வரும் பக்கம் காற்றை உறிஞ்சும் பெட்டி) உண்டு. நிமிடத்துக்கு 8 மீட்டரில் கண்ணாடி மாதிரி வருகிறது. 20-க்கு ஏற்றினால் ஓடும் திசையில் சம இடைவெளியில் கோடுகள், அங்கங்கே பூச்சே விட்டுப்போகிறது. பம்ப்பையும் அதே விகிதத்தில் ஏற்றுகிறோம். வேக்வத்தைக் கூட்டினால் எமல்ஷன் பாக்ஸுக்குள் இறங்குகிறது. எங்கே பார்ப்பது?

லிப்கேப்:
இடைவெளிதான் சார். வேக்வம் இல்லாவிட்டால் ஈரத் தடிமனைக் குறைக்க இடைவெளியில் பாதிதான் எல்லை, அதாவது 100 மைக்ரான். வேக்வம் வைத்தால் அதற்குக் கீழே இறங்கலாம். எதுவரை என்பது கேப்பில்லரி எண்ணைப் பொறுத்தது (விஸ்காசிட்டி × வேகம் ÷ பரப்பு இழுவிசை). உங்களுக்கு 8 மீட்டரில் அது 0.2, 20 மீட்டரில் 0.5. தோராயக் கணக்கில் 200 இடைவெளிக்கு முதலாவதில் 38 மைக்ரான்வரை வரும். இரண்டாவதில் 60-க்குக் கீழே பிலிம் வெளியேறும் பக்கத்து மெனிஸ்கஸ் (லிப்புக்கும் பிலிமுக்கும் நடுவே திரவத்தின் வளைந்த விளிம்பு) நிலைக்காது. வேக்வம் உள்ளே வரும் பக்கத்தை மட்டும் பிடித்துவைக்கும், அதனால்தான் கூட்டியும் பலனில்லை.

இடைவெளியை 100-க்கு இறக்குங்கள், தடிமன் எல்லை 30-க்கு வந்துவிடும். அதற்கு முன் பேக்கிங் ரோலில் (டைக்கு எதிரே பிலிமைத் தாங்கும் உருளை) டயல் கேஜ் (நுண்ணிய ஆட்டத்தை முள்ளில் காட்டும் கருவி) வைத்து ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். ஆட்டம் 3 மைக்ரானுக்குள் இருக்க வேண்டும். ரோலையும் துடைத்துவிடுங்கள், பிலிமுக்கு அடியில் ஒட்டிய தூசி மேலே மேடாகத் தெரியும். பிறகு வேக்வத்தை 2 செ.மீ. நீர்மட்டத்தில் தொடங்கிக் கூட்டுங்கள். கோடு மறையும் இடம் கீழ் எல்லை, லிப்பின் பின்பக்கம் எமல்ஷன் கசியும் இடம் மேல் எல்லை. நடுவில் வையுங்கள்.

ஒன்று மறக்க வேண்டாம்: 100 இடைவெளியில் ஒட்டுப்போட்ட இடம் (ஒரு ரோல் பிலிமின் முனையை அடுத்ததோடு சேர்த்த இடம்) அப்படியே போகாது. மேலே ஏறிய பிலிம் 50, டேப் இன்னொரு 50 என்றாலே லிப்பில் இடித்துவிடும். ஒட்டு வரும்முன் டையைப் பின்னுக்கு இழுத்தே ஆக வேண்டும்.

பிலிம்லைன்:
100-க்கு இறக்கியதும் நீளக் கோடு போய்விட்டது. நன்றி சார். ஆனால் இப்போது குறுக்கே மெல்லிய பட்டைகள், 8 மி.மீ.க்கு ஒன்றாக. கியர் பம்ப் சுற்றுக்கு 1.2 மி.லி., 12 பல், 200 ஆர்.பி.எம்.

பல்சக்கரம்:
0.3 மீ × 20 மீ × 40 மைக்ரான் = நிமிடத்துக்கு 240 மி.லி. உங்கள் பம்ப் அளவும் அதேதான், ஆக தடிமன் சரி. 200 ஆர்.பி.எம்மில் 12 பல் என்றால் விநாடிக்கு 40 துடிப்பு. பிலிம் விநாடிக்கு 333 மி.மீ. ஓடுகிறது, வகுத்தால் 8.3 மி.மீ. பம்ப்பின் மேல்தான் சந்தேகம்.

உறுதிசெய்ய, ஒரு பட்டையை அளக்காமல் பத்துப் பட்டைகளைச் சேர்த்து அளங்கள். பிறகு லைன் வேகத்தைத் தொடாமல் பம்ப்பை மட்டும் 10% கூட்டுங்கள். பத்துப் பட்டை 83-லிருந்து சுமார் 76 மி.மீ.க்குச் சுருங்கினால் பம்ப்தான். மாறாவிட்டால் ரோல் பேரிங், டிரைவ் கியர், வேக்வம் ப்ளோயர் என்று தேடுங்கள். பம்ப் என்றால் டைக்கு முன்னால் ஒரு டேம்பர் (துடிப்பை அடக்கும் கலம்) போடுங்கள், அல்லது துடிப்பு குறைந்த ப்ரோகிரெஸிவ் கேவிட்டி பம்ப்புக்கு (திருகு வகை பம்ப்) மாறுங்கள். பெரிய கியர் பம்ப்பை மெதுவாக ஓட்டுவது தீர்வில்லை: பட்டை அகலமாகும், போகாது.

லிப்கேப்:
இடைவெளி குறைந்திருப்பதால் இன்னொன்றும் வரும்: ஒரே இடத்தில் விடாமல் ஒற்றைக் கோடு. அது வேறு நோய், லிப்பில் சிக்கிய துகள் அல்லது குமிழி. ஓட்டத்திலேயே பிளாஸ்டிக் ஷிம்மை (மெல்லிய தகடு) ஸ்லாட்டுக்குள் விட்டு ஓரம்வரை இழுத்தால் வெளியேறிவிடும். ஸ்டீல் ஷிம் வேண்டாம், லிப் விளிம்பில் கீறல் விழுந்தால் அந்தக் கோடு நிரந்தரமாகிவிடும். 10 மைக்ரான் ஃபில்டரை பம்ப்புக்கும் டைக்கும் நடுவில் வையுங்கள். எமல்ஷனை முதலிலேயே வேக்வத்தில் காற்று நீக்கிவிட்டு ஏற்றுங்கள்.