வீட்டு குரூப்: ஹால்ல பெரிய தட்டான்

லதா அத்தை: ஹால்ல உள்ளங்கை நீளத்துக்குத் தட்டான் நுழைஞ்சிருக்கு. வால்ல கொடுக்கு வேற. கொட்டினா காய்ச்சல் வரும்னு ஃபார்வர்டு வந்துச்சே?

கார்த்திக்: ஸ்ப்ரே அடிம்மா

ரகு சித்தப்பா: அடிக்காதீங்க! முதல்ல ஃபேனை நிறுத்துக்கா. என்ன கலர்? ரெண்டு கண்ணும் ஒட்டியிருக்கா, தள்ளியிருக்கா?

லதா அத்தை: பழுப்பு. ஒட்டித்தான் இருக்கு

ரகு சித்தப்பா: அப்போ கைனகாந்தாங்கற தட்டான் வகை. பகல்ல புதர் இருட்டுல தொங்கும், அந்தி சாய்ஞ்சதும் கொசு பிடிக்கக் கிளம்பி லைட்டுக்கு வந்துடும். பச்சை மார்பும் இடுப்புல நீலமும் இருந்தா ஆனாக்ஸ், அது பகல்ல குளத்து மேல உட்காராம சுத்தும். கண்ணு தள்ளியிருந்து, கறுப்பு மஞ்சள் உடம்போட குச்சி நுனியில உட்கார்ந்தா இக்டினோகாம்ஃபஸ். எந்தத் தட்டானுக்கும் கொடுக்கு கிடையாது, விஷமும் கிடையாது. பெண்ணுக்கு வாலடியில இருக்கறது முட்டை வைக்கிற ஊசி. அழுத்திப் பிடிச்சா லேசா கடிக்கும், அவ்வளவுதான்.

பெரியம்மா: தட்டான் தாழப் பறந்தா மழை. ஞாயித்துக்கிழமை சீமந்தம் மொட்டை மாடியிலயா?

ரகு சித்தப்பா: மாடி மேல கூட்டமா பறக்கறது வேற அண்ணி. அது பேண்டாலா, ஐப்பசிக் காத்தோட வரும். மாலத்தீவு வழியா ஆப்பிரிக்கா வரைக்கும் கடல் தாண்டற ஜாதி.

கார்த்திக்: என் கார் பானட்ல வாலால தட்டிக்கிட்டே இருக்கே, அதுவா மாமா?

ரகு சித்தப்பா: அதேதான். பளபளப்பைத் தண்ணின்னு நினைச்சு முட்டை வைக்குது. வெயில்ல அவ்வளவும் காஞ்சுடும். ஒரு கவர் போட்டு மூடு.

பெரியம்மா: அந்தக் கார் கேட்டை மறைச்சு நிக்கறதை யாரும் கேக்கறதில்ல

லதா அத்தை: இப்ப அது எதுக்கு அண்ணி. ரகு, இது போகமாட்டேங்குது

ரகு சித்தப்பா: ஹால் லைட்டை அணைச்சுட்டு பால்கனி லைட்டைப் போடு, கொசுவலையைத் திற. அப்பவும் போகலைன்னா நாலு இறக்கையையும் முதுகுக்கு மேல சேர்த்து ரெண்டு விரலால பிடிச்சுச் செடியில விடு. ஒத்தை இறக்கையைப் பிடிச்சா கிழிஞ்சுடும்.

திவ்யா: சித்தப்பா, மாடியில இடம் பத்தாது. அல்லித் தொட்டியைக் கவிழ்த்துடலாமா? கொசுவும் போகும்

ரகு சித்தப்பா: கவிழ்க்காதேம்மா! டார்ச் அடிச்சு அடியில பாரு. பெரிய கண்ணோட பழுப்பா ஊர்றது தட்டான் குஞ்சு. கீழ்த்தாடையைக் கை மாதிரி நீட்டி, கொசுப்புழுவை வெடுக்குனு இழுத்துத் தின்னும். தண்டுல வெறும் கூடு ஒட்டியிருந்தா ஒண்ணு பறந்தாச்சுன்னு அர்த்தம். மேலாக நெளியற புழுவை மட்டும் டீ வடிகட்டியால எடு. மண்ணெண்ணெய் ஊத்தினா ரெண்டும் சாகும். கொசு பத்து நாள்ல திரும்ப வந்துடும், தட்டான் வளர ஒரு மாசத்துக்கு மேல ஆகும்.

லதா அத்தை: போயிடுச்சு 🙏 மாடிப்படி லைட்டை ஏழு மணிக்கு மேல போடுங்க

பெரியம்மா: பில்லு கட்டறது நானு

திவ்யா: அப்போ தொட்டி?

கார்த்திக்: நாலு பேர் இருந்தா ஓரமா நகர்த்தலாம். சனிக்கிழமை பார்ப்போம்

பெரியம்மா: எத்தனை இலைன்னு இன்னும் யாரும் சொல்லலை