போலாரிமீட்டர் ரீடிங் இறங்கிக்கொண்டே போகிறது, உதவி தேவை

வேதிமாணவி: நாளைக்கு ரெக்கார்ட் வைக்கணும். போலாரிமீட்டரில் குளுக்கோஸ் கரைசலுக்குச் சுழற்சிக் கோணம் (முனைவாக்கிய ஒளியின் தளம் எவ்வளவு திரும்புகிறது என்று) பார்த்தால் முதலில் 19 டிகிரி, அரை மணி கழித்து 14. மூன்று தடவை புதிதாகக் கரைத்தும் இதே கதை. பாதி மூலக்கூறுகள் கண்ணாடி பிம்பமாக மாறி, திருப்பல் ஒன்றையொன்று அழிக்கும் சுழிமாய்க் கலவை ஆகிறதா?

குடுவை: செறிவு எவ்வளவு? குழாய் நீளம்? ஒன்றுமே சொல்லவில்லையே.

லேப்_அண்ணன்: சோடியம் விளக்கு நன்றாகச் சூடாகும்வரை காத்திருந்தீர்களா? மங்கலாக எரிந்தால் இரண்டு பாதியும் ஒரே வெளிச்சமாகத் தெரியும் இடம் பிடிபடாது. குழாயில் காற்றுக்குமிழி இருக்கா பாருங்க. எங்கள் லேப்பில் பாதித் தகராறு குமிழியால்தான்.

வேதிமாணவி: விளக்கு ஒரு மணி நேரமாக எரிகிறது. குமிழி இல்லை. 100 மில்லிக்கு 10 கிராம், 20 செ.மீ. குழாய்.

லேப்_அண்ணன்: அப்போ மூடியைத் திருகிப் பாருங்க, கசியும்.

தாமிரம்29: கசிந்தால் கோணம் ஏன் மூன்று தடவையும் ஒரே மாதிரி இறங்கணும்? பாடத்தைப் படித்துவிட்டு வந்திருக்கலாம். கண்ணாடி பிம்பமாக வேண்டுமென்றால் ஐந்து சீர்மையற்ற கார்பன்களும் (நான்கு வெவ்வேறு தொகுதிகள் இணைந்தவை) புரள வேண்டும். வெறும் தண்ணீரில் நடக்காது. இது மியூட்டாரொட்டேஷன். வளையம் திறந்து மூடும்போது முதல் கார்பன் மட்டும் மாறுகிறது. அதனால் ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு வடிவம். மில்லிக்கு 1 கிராம், 10 செ.மீ. குழாய் என்ற கணக்கில் ஆல்ஃபாவுக்கு +112, பீட்டாவுக்கு +18.7, இரண்டும் கலந்து +52.7-ல் நிற்கும்.

குடுவை: கேட்டால்தானே சார் தெரியும்? தங்கச்சி, தூள் நீரற்றது என்றால் உங்கள் அளவுக்கு 10.5 டிகிரியில் நிற்கணும். ராத்திரி முழுக்க மூடி வையுங்க. அவசரமென்றால் ஓரிரு சொட்டு அம்மோனியா விட்டால் சீக்கிரம் நிலைக்கும்.

லேப்_அண்ணன்: டி-குளுக்கோஸ்தானே? டி என்றாலே வலஞ்சுழி, ஒளியை வலப்பக்கம் திருப்பும்.

தாமிரம்29: தவறு. டி-ஃபிரக்டோஸ் இடப்பக்கம் திருப்பும், −92. பெரிய டி (D) என்பது கிளிசரால்டிஹைடு என்ற எளிய சர்க்கரையோடு ஒப்பிட்ட அமைப்பைச் சொல்கிறது, ஒளி திரும்பும் திசையை அல்ல.

லேப்_அண்ணன்: எங்களுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

குடுவை: இரண்டு கண்ணாடி பிம்ப அமைப்புகளில் எது அந்த டி-கிளிசரால்டிஹைடுடையது என்பதையே ஊகமாகத்தான் வைத்தார்கள். 1951-ல் டச்சு விஞ்ஞானி பைஃபூட் டார்டாரிக் அமில உப்பை எக்ஸ் கதிரில் பார்த்த பிறகுதான் ஊகம் சரி என்று உறுதியானது. பாதிக்குப் பாதி வாய்ப்பு! மாறியிருந்தால் எல்லாப் படத்தையும் திருப்பி வரைய வேண்டியிருக்கும். எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கும்.

வேதிமாணவி: நீரற்றதுதான். காலையில் 10.4, ஒரு மணி நேரம் கழித்தும் 10.4. நன்றி.