கன்னடியன் கால்வாய்: சேனலா, கெனாலா?

கேள்வி (பத்தமடை):
எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் ஊரைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரையில் 'கன்னடியன் சேனல்' என்று எழுதினாள். ஆசிரியர் சேனலைச் சிவப்பு மையால் அடித்து, மேலே 'கெனால்' என்று எழுதி அரை மதிப்பெண் குறைத்திருக்கிறார். மனிதர் வெட்டியது கெனால், தானாக ஓடுவது சேனல் என்றாராம். ஆனால் பாலத்தருகே உள்ள கல்லில் சேனல் என்றுதான் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் அவள் எழுதினாள். எது சரி?

பதில் (அம்பாசமுத்திரம்):
பிள்ளை எழுதியது சரி தங்கச்சி. முப்பது வருடம் பாசனப் பதிவேடு எழுதியவன் சொல்கிறேன். தாமிரபரணி அணைக்கட்டுகளில் பிரியும் கன்னடியன், கோடகன், பாளையங்கால், நெல்லைக் கால்வாய் எல்லாமே ஆங்கிலத்தில் சேனல்தான். 1950களில் கட்டிய மணிமுத்தாறு அணையின் பிரதானக் கால்வாய்க்கு மட்டும் 'மெயின் கெனால்' என்று எழுதுவோம். இரண்டுமே மண்வெட்டி பட்டவைதான்.

ஆசிரியர் சொன்னதில் பாதி உண்மை. கெனால் என்றால் வெட்டியதாகத்தான் இருக்க வேண்டும். 1869இல் திறந்த சூயஸ் அப்படித்தான். சேனலுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நீர் போகும் தடம் எதுவும் சேனல். கோடையில் சேரன்மகாதேவிப் பாலத்தடியில், மணலுக்கு நடுவே நாலு முழ அகலத்தில் ஆறு ஒதுங்கி ஓடுமே, அதுவும் சேனல். அதைக் கெனால் என்று எழுதினால்தான் பிழை.

பதில் (பாளையங்கோட்டை):
குழப்பத்துக்கு நாம் தமிழில் படித்ததும் காரணம். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவில் கிடக்கும் கடலை 'ஆங்கிலக் கால்வாய்' என்று மனப்பாடம் செய்தோம். அதை யார் வெட்டினார்கள்? ஆங்கிலத்தில் அது சேனல். சூயஸையும் அதையும் ஒரே சொல்லில் அடைத்துவிட்டோம்.

பதில் (அம்பாசமுத்திரம்):
நல்ல எடுத்துக்காட்டு. இன்னொன்றும் பிள்ளையிடம் சொல்லுங்கள். இரண்டு சொல்லுக்கும் தாய் ஒன்றே: லத்தீனில் குழாயைக் குறிக்கும் 'கனாலிஸ்'. அதற்கும் வேர், நாணலைக் குறிக்கும் 'கன்னா'. பழைய பிரெஞ்சு வழியாக வந்தது சகரம் ஏற்றுச் சேனல் ஆனது. சொல்லும்போது சேனலில் முன்னால் அழுத்தம், கெனாலில் பின்னால். கோரைப் பாய் முடையும் ஊர்ப் பிள்ளைக்கு நாணல் கதை மறக்காது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி அண்ணாச்சி. கல்லைப் படம் பிடித்துவிட்டோம். நாளைக்கு நோட்டில் ஒட்டி ஆசிரியரிடம் காட்டப் போகிறாள்.