பிறக்கப்போகும் பிள்ளைக்குச் சாக்கு நிறத்தில் ஸ்வெட்டரா?

பொள்ளாச்சிக்காரி:
தம்பி மனைவிக்குத் தை மாதம் பிரசவம். ஸ்வெட்டர், குல்லா, சாக்ஸ் என்று ஒரு செட் பின்னிக்கொண்டிருக்கிறேன். ஆணா பெண்ணா தெரியாது, அதனால் சந்தன நிறமும் வெளிர் சாம்பலும் எடுத்தேன். பாதி முடித்ததைப் பார்த்த எங்கள் அம்முச்சி (அம்மாவின் அம்மா), "ஏங்கண்ணு, தேங்காய் போடற சாக்காட்டம் இருக்குது" என்று சொல்லிவிட்டார். பிரித்துவிடலாமா?

காங்கேயம்காளை:
அம்முச்சி சொன்னது நூத்துக்கு நூறு சரிங்க. இந்த வெளிறிய நிறமெல்லாம் இன்ஸ்டாகிராமில் படம் எடுத்துப் போடத்தான் ஆகும். பிள்ளை பிறந்த வீடு கலகலவென்று இருக்க வேண்டாமா? பிறந்த குழந்தைக்கு வெளிர் நிறம் கண்ணிலேயே தங்காது, கருப்பு வெள்ளை மாதிரி அழுத்தமாக இருந்தால்தான் பார்க்கும்.

நூல்கண்டு:
தான் போட்டிருக்கும் ஸ்வெட்டரையா பிள்ளை பார்க்கப் போகிறது? அம்மா முகத்தைத்தான் பார்க்கும். வெளிநாட்டில் ஐந்தாம் மாதமே ஸ்கேனில் கேட்டுக்கொண்டு நீலமோ ரோஸோ வாங்குகிறார்கள். இங்கே 1994 சட்டப்படி அதைச் சொல்வதே குற்றம், அது ஏன் வந்தது என்று நம் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அப்படியிருக்க, பிறப்பதற்கு முன்பே பின்னுகிறவர் பொது நிறத்தை எடுக்காமல் வேறு என்ன செய்வார்?

காங்கேயம்காளை:
பொது நிறம் என்றால் சாம்பல்தானா? மஞ்சளும் கிளிப்பச்சையும் ஆணுக்குச் சொந்தமா, பெண்ணுக்குச் சொந்தமா? ஈரோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மஞ்சளை மறந்துவிட்டீர்களே!

அவிநாசி அம்மிணி:
மஞ்சள் மட்டும் முதல் வாரம் வேண்டாம். என் பையன் பிறந்த மூன்றாம் நாள் காமாலை இருக்கிறதா என்று பார்க்க வந்த நர்ஸ், மஞ்சள் சட்டையைக் கழற்றச் சொல்லி, சன்னல் வெளிச்சத்தில் காட்டச் சொன்னார். மஞ்சள் துணி பக்கத்தில் இருந்தால் தோலும் மஞ்சளாகத்தான் தெரியுமாம். அப்புறம், எங்கள் வீட்டில் முதல் பதினைந்து நாளைக்கு அப்பாருவின் (தாத்தாவின்) பழைய வேட்டிதான், புதுத்துணியே கிடையாது.

பனியன் கம்பெனி மருமகள்:
நிறத்துக்கே இத்தனை சண்டையா, நூல் என்ன நூல் என்று யாரும் கேட்கவில்லையே. அக்ரிலிக் என்றால் தையில் காலை எட்டு மணி வரை சரி, பத்து மணிக்கு வெயில் ஏறியதும் பிள்ளைக்கு வேர்த்துக் கொட்டும். பருத்தி நூல் எடுங்கள். ஓட்டை ஓட்டையாக வரும் பின்னல் வேண்டாம், குட்டி விரல் மாட்டிக்கொள்ளும். கழுத்தில் ரிப்பன் கோக்கவே கோக்காதீர்கள். இன்னொன்று, வெளிர் நிறம் என்றால் சாயம் இல்லை என்று நினைக்கிறார்கள், சாம்பலும் சாயம்தான், பளிச்சென்ற வெள்ளையும் வெளுத்து வருவதுதான். சாயமே வேண்டாம் என்றால் வெளுக்காமல் அப்படியே வரும் கோரா நூல் ஒன்றுதான், அங்கங்கே பருத்திக்கொட்டைத் தூள் புள்ளியாகத் தெரியும். 2011இல் கோர்ட் உத்தரவில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடினார்களே, அதற்கு முன் சாயக்கழிவு கலந்து ஓடிய நொய்யல் ஆற்றையும் ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணீரையும் பார்த்தவள் நான். எனக்குக் கோராதான் அழகு.

காங்கேயம்காளை:
அழகோ என்னமோ, அதுவும் சாக்கு நிறம்தானுங்க அக்கா.

நூல்கண்டு:
ஒரு நடைமுறை விஷயம். வெளிர் நிறத்தில் பால் கக்கினால் தெரியாது, மற்றதெல்லாம் நன்றாகத் தெரியும். அடுத்த பிள்ளைக்கும் ஆகும், நாத்தனார் பிள்ளைக்கும் ஆகும். ரோஸ் ஃபிராக்கை அப்படிக் கைமாற்ற முடியுமா?

காங்கேயம்காளை:
ஏன் முடியாது? பையனுக்கு ரோஸ் போட்டால் கரித்துவிடுமா? கைமாற்றத் தடையாக இருப்பது நிறமில்லை, நாம்தான்.

நூல்கண்டு:
சரி, இதற்கு என்னிடம் பதில் இல்லை.

பொள்ளாச்சிக்காரி:
சாம்பலைப் பிரித்துவிட்டேன். நல்லவேளை, இரண்டும் பருத்தி நூல்தான். சந்தனம் அப்படியே இருக்கிறது, கழுத்துக்கும் கைக்கும் கிளிப்பச்சையில் ஓரம் கொடுத்தேன். அம்முச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சாக்குக்கு வாய் தச்சாச்சாக்கும்" என்றார்.

காங்கேயம்காளை:
ஓரம் மட்டும்தானா?